சிரித்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: தம்பதியர் த்ரில்லரை ஒலிநூலாகக் கேட்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இவ்வகை நாவல் ஒன்றை முதன்முதலாக ஒலிநூலாகக் கேட்டு முடித்தபோது, அதன் முடிவு எனக்கு அநியாயமாகப் பட்டது. வீட்டுக்கு இன்னொரு சாவி இருந்தது என்பதைக் கடைசி அத்தியாயத்தில் கொண்டுவந்து நுழைப்பது கேட்பவரை ஏமாற்றும் வேலை அல்லவா என்று ஆசிரியர்மேல் கோபப்பட்டேன். சில வாரங்கள் கழித்துத் தொடக்கத்தை மீண்டும் ஓடவிட்டபோது, இரண்டாம் அத்தியாயத்திலேயே மனைவி அந்தச் சாவியைப் பற்றிச் சொல்லியிருந்தது காதில் விழுந்தது. சொல்லியிருந்தாள், ஆனால் கணவனைக் கேலி செய்கிற சாக்கில் சொல்லியிருந்தாள். முதல் முறை அந்த இடத்தில் நான் சிரித்தேன் என்பதும் நினைவுக்கு வந்தது. சிரித்துவிட்டு, சிரிக்கவைத்த செய்தியை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கிறேன்.

கணவன் மனைவியைப் பற்றிய கறுப்பு நகைச்சுவைத் த்ரில்லரில் தடயத்தை ஒளித்துவைக்க ஆசிரியர்கள் பெரிதும் நம்புவது நகைச்சுவையைத்தான். அச்சில் படிப்பவர் சந்தேகம் வந்தால் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். காதால் கேட்பவருக்கு அந்த வசதி எளிதில் கிடைப்பதில்லை. அதற்கு ஈடாக, அச்சில் இல்லாத ஒன்று அவருக்குக் கிடைக்கிறது, அது குரல். இந்த இழப்பையும் லாபத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு, முதல் முறையாக இத்தகைய ஒலிநூலைக் கேட்க உட்காருபவர் என்னென்ன செய்துகொள்ளலாம் என்பதைக் கீழே வரிசையாக எழுதுகிறேன்.

எதைக் கேட்கப்போகிறோம்

வீட்டையும் திருமணத்தையுமே ஆபத்தின் களமாகக் கொள்ளும் குற்றப் புனைவுகளுக்கு 'டொமெஸ்டிக் நுவார்' என்ற பெயரை 2013-இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜூலியா குரவுச் முன்வைத்தார். பெயர் புதியது, சரக்கு பழையது. வழக்கமான துப்பறியும் கதையில் சந்தேகத்துக்குரியவர்கள் பலர் இருப்பார்கள், அவர்களில் யார் என்பதே கேள்வி. இங்கே பெரும்பாலும் இரண்டே பேர்தான். ஆகவே 'யார் செய்தது' என்பதைவிட 'இருவரில் யார் சொல்வதை நம்புவது' என்பதுதான் கதையை இழுத்துச் செல்லும் கயிறு.

இதில் நகைச்சுவை கலப்பது ஏன் என்று புதியவர்கள் கேட்பதுண்டு. பல ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இருவருக்கு, ஒருவருடைய பலவீனம் அத்தனையும் மற்றவருக்குத் தெரியும். அந்த அறிவைக் கொண்டு அன்பும் செலுத்தலாம், கொலையும் செய்யலாம். இரண்டுக்கும் ஒரே தகவல்கள்தான் தேவைப்படுகின்றன என்பதிலிருந்தே இந்த வகையின் சிரிப்பு பிறக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகையையும் அச்சத்தையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக வைத்து, நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களில் எள்ளலை முதலாவதாகச் சொல்கிறது. தம்பதியர் த்ரில்லரோ எள்ளலையும் அச்சத்தையும் ஒரே வாக்கியத்தில் கட்டிப்போடுகிறது. நமக்குச் சிரிப்பு முதலில் வருகிறது, அச்சம் அரை நொடி தாமதமாக வந்து சேர்கிறது. அந்த அரை நொடியைக் காப்பாற்றிக்கொள்வதற்குத்தான் பின்வரும் ஏற்பாடுகள் எல்லாம்.

பதிவைத் தேர்ந்தெடுப்பது

முதலில், சுருக்கப்படாத முழுப் பதிப்பு என்று தெளிவாகக் குறிப்பிட்டிருக்கும் பதிவையே எடுங்கள். ஒரு நாவலைச் சுருக்குபவர் முதலில் கை வைப்பது கதையை நகர்த்தாத கிளைப்பேச்சுகளில்தான்; கணவன் மனைவியின் கைப்பழக்கத்தைக் குறை சொல்லும் அரைப் பத்தியும், மனைவி மாமியாரைப் பற்றி அடிக்கும் நக்கலும் வெட்டுப்படும். வேறு வகை நாவலில் அதனால் பெரிய நட்டம் இருக்காது, ஆனால் இங்கே அந்தக் கிளைப்பேச்சுதான் சாட்சியம்.

அடுத்து, எத்தனை குரல்கள் என்று பாருங்கள். இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது பின்னால் உதவும். ஒலிப்பதிவில் வாசிப்பவரை வாசிப்பாளர் என்றும், கதைக்குள் 'நான்' என்று பேசும் பாத்திரத்தைக் கதைசொல்லி என்றும் அழைப்போம். கணவன் ஓர் அத்தியாயம், மனைவி ஓர் அத்தியாயம் என்று மாறி மாறிப் பேசும் நாவல்களுக்கு இரண்டு வாசிப்பாளர்களை அமர்த்துவது பரவலான வழக்கம். புதியவருக்கு நான் பரிந்துரைப்பதும் அதையே, ஏனென்றால் யார் பேசுகிறார் என்று கண்டுபிடிப்பதில் கவனம் செலவாகாது. அதில் ஒரு பொறியும் உண்டு: இருவரில் ஒருவருடைய குரல் இயல்பாகவே கனிவாக இருந்துவிட்டால், ஆதாரம் எதுவும் இல்லாமலே அவர் பக்கம் சாய்ந்துவிடுவோம். நல்ல குரலுக்கும் நல்ல மனிதருக்கும் தொடர்பில்லை என்பதை இந்த நாவல்கள் மிகுந்த உற்சாகத்தோடு நிரூபிக்கின்றன.

ஒரே வாசிப்பாளர் இருவரையும் வாசிக்கும் பதிவு கொஞ்சம் கடினம், ஆனால் வேறொரு நன்மை அதில் இருக்கிறது. கணவனின் பேச்சை மனைவி திருப்பிச் சொல்லும்போது, கணவனின் குரலை மனைவி எப்படி நடித்துக் காட்டுகிறாள் என்பது கேட்கும். முட்டாள் குரலிலா, மிரட்டும் குரலிலா என்பதை வைத்து அவளைப் பற்றியே நிறையத் தெரிந்துகொள்ளலாம். பல நடிகர்கள், கதவுச் சத்தம், பின்னணி இசை என்று நாடகம் போலத் தயாரித்த பதிவுகளை முதல் முறைக்கு நான் ஒதுக்கிவைக்கச் சொல்வேன். எப்போது பயப்பட வேண்டும் என்று இசையே சொல்லிவிட்டால், சிரிப்புக்கும் பயத்துக்கும் நடுவே தடுமாறும் வேலை நமக்கு மிஞ்சுவதில்லை. கணினி உருவாக்கும் செயற்கைக் குரலிலும் இப்போது பதிவுகள் வருகின்றன. தகவல் நூல்களுக்கு அவை போதுமானவையாக இருக்கலாம். வஞ்சப்புகழ்ச்சியை வஞ்சமாக வாசிக்க, சொல்கிற ஆள் என்ன மறைக்கிறார் என்று தெரிந்த ஒருவர் வேண்டும்.

முடிவெடுக்கும் முன், பெரும்பாலான தளங்கள் இலவசமாகத் தரும் சில நிமிட மாதிரியைக் கேளுங்கள். அதில் இரண்டு சோதனைகள் போதும். உரையாடலில் 'என்றான்', 'என்றாள்' வருவதற்கு முன்பே யார் பேசுகிறார் என்று பிடிபடுகிறதா என்பது ஒன்று. வேடிக்கையான வரியை வாசிக்கும்போது வாசிப்பாளர் தானும் சேர்ந்து சிரிக்கிறாரா என்பது மற்றொன்று. சிரித்தால் வேண்டாம். வானிலை அறிக்கையை வாசிப்பதுபோன்ற முகத்தோடு கொடுமையான நகைச்சுவையை வாசிப்பவரே இந்த வேலைக்கு ஏற்றவர்.

நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஆங்கில ஒலிநூல்கள் நிமிடத்துக்குச் சுமார் 150 முதல் 160 சொற்கள் என்ற அளவில் வாசிக்கப்படுகின்றன; எனவே 90,000 சொற்கள் கொண்ட நாவல் ஏறக்குறைய 10 மணி நேரம் ஓடும். நொடிக்கு 64 கிலோபிட் தரத்தில் பதிவான கோப்பு மணிக்குச் சுமார் 29 எம்.பி. இடம் பிடிக்கும், அதாவது முழு நாவலும் 300 எம்.பி.க்குள் அடங்கிவிடும். முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தின் நடுவே இணையம் துண்டிக்கப்படுவது ஆசிரியர் திட்டமிடாத திகில். காசு கொடுக்கும் முன் காதைப் பழக்க விரும்புவோர், 2005 முதல் தன்னார்வலர்கள் காப்புரிமை முடிந்த நூல்களை வாசித்துப் பதிவேற்றிவரும் லிப்ரிவாக்ஸ் தளத்தில் பழைய குற்றக் கதை ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

செயலியைச் சரிசெய்துகொள்வது

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள், நானும் தாண்டினேன்.

கேட்கும் வேகத்தை முதல் ஒரு மணி நேரமாவது இயல்பு அளவில், அதாவது 1 என்ற எண்ணிலேயே வைத்திருங்கள். 10 மணி நேர நூலை 1.25 வேகத்தில் கேட்டால் 8 மணி நேரத்தில் முடியும், 1.5 வேகத்தில் 6 மணி 40 நிமிடத்தில் முடியும் என்பது உண்மைதான், ஆனால் அப்படி மிச்சமாகும் நேரத்தில் ஒரு பகுதி வாசிப்பாளர் வேண்டுமென்றே விட்ட இடைவெளிகளை நசுக்கிப் பெற்றது. நகைச்சுவை வாழ்வது அந்த இடைவெளியில்தான். குரல்கள் பழகிய பிறகு 1.1 அல்லது 1.2-க்குப் போகலாம். அதற்கு மேல் போனால் கதை புரியும், கிண்டல் புரியாது.

வேகத்தைவிட ஆபத்தான வசதி ஒன்று சில செயலிகளில் இருக்கிறது. பேச்சுக்கு நடுவே வரும் மௌனத்தைத் தானாகவே கத்தரித்துவிடும் அந்த வசதிக்கு ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். அமைப்புகள் பகுதியில் தேடிப் பார்த்து, இயங்கிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். 'நீ நேற்று இரவு எங்கே இருந்தாய்?' என்ற கேள்விக்கும் 'வீட்டில்தான்' என்ற பதிலுக்கும் நடுவே இரண்டு நொடி மௌனம் இருந்தால் அது ஒரு செய்தி. கத்தரித்துவிட்டால் அது வெறும் பதில்.

பின்னால் தாவும் பொத்தானை 30 நொடியிலிருந்து 15 அல்லது 10 நொடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நமக்குத் திரும்பக் கேட்க வேண்டியது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான். அடையாளக் குறி வைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைத் தொடங்கும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். திரையைப் பார்க்காமல் விரலால் தொடும் அளவுக்குப் பழகினால் இன்னும் நல்லது. படுக்கையில் கேட்பவர்கள் உறக்க நேரக் கருவியை 15 நிமிடத்துக்கோ அத்தியாய முடிவுக்கோ வைக்க வேண்டும், இல்லையேல் மறுநாள் காலையில் கணவன் உயிரோடு இருக்கிறானா என்பதையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

செயலி காட்டும் 'மீதமுள்ள நேரம்' ஒரு காட்டிக்கொடுப்பவன். மூன்றாம் மணி நேரத்தில் வழக்கு முடிந்து குற்றவாளி பிடிபட்டதாகக் கதை சொல்லும்போது, இன்னும் 7 மணி நேரம் பாக்கி என்று திரையில் தெரிந்தால் யார் அதை நம்புவார்கள்? அச்சு நூலிலும் கையில் கனம் தெரியும் என்பது சரிதான், ஆனால் இந்த அளவுக்குத் துல்லியமாகத் தெரியாது. அத்தியாயப் பட்டியலையும் மேலும் கீழும் தள்ளிப் பார்க்காதீர்கள். பின்பகுதி அத்தியாயத்தின் தலைப்பில் 'அவள்' என்பதற்குப் பதில் வேறொரு பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டால் போயிற்று.

முதல் ஒரு மணி நேரம்

இந்த ஒரு மணி நேரத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து கேளுங்கள் என்றுதான் சொல்வேன். அதன் பிறகு நடக்கலாம், துணி மடிக்கலாம், பாத்திரம் துலக்கலாம்; மொழி தேவைப்படாத எந்த வேலையும் ஒலிநூலுக்குத் துணையாக வரும். தட்டச்சு செய்வதும் குறுஞ்செய்தி படிப்பதும் வராது, ஏனென்றால் மூளையின் அதே வாசலுக்கு இரண்டு பேர் முண்டியடிப்பார்கள். வண்டி ஓட்டும்போது கேட்பவர்கள் பழகிய பாதையில் மட்டும் கேட்கட்டும், கதை சூடுபிடித்தால் நிறுத்திவிடட்டும்.

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் கணவன், மறுபக்கம் மனைவி என்று எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வேலைபோல இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், முதல் நூலுக்கு மட்டும்தான் இது தேவைப்படும். ஒவ்வொரு கதைசொல்லியும் பேசத் தொடங்கியவுடன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: இவர் எந்த நாளிலிருந்து பேசுகிறார், எதைப் பற்றிப் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார்.

நாள் முக்கியம், ஏனென்றால் இந்த நாவல்கள் இரண்டு காலக்கோடுகளில் ஓடுவது வழக்கம். 'பதினோரு மாதங்களுக்கு முன்' என்ற தலைப்பு அச்சில் பெரிய எழுத்தில் கண்ணில் நிற்கும். ஒலியிலோ ஒரு நொடியில் வாசிக்கப்பட்டுக் கரைந்துவிடும். அதைத் தவறவிட்டவர், கணவனின் இன்றைய பேச்சையும் மனைவியின் சென்ற ஆண்டுப் பேச்சையும் ஒரே இரவில் நடந்ததாக எண்ணிக்கொண்டு பல மணி நேரம் பயணிப்பார்.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்டுக்கொள்வதில்லை, ஆனால் மற்ற இரண்டையும்விட அதற்கே நான் அதிக மதிப்பெண் தருவேன். நாட்குறிப்பில் எழுதுபவர், காவல் அதிகாரியிடம் சொல்பவர், மனநல ஆலோசகரிடம் பேசுபவர், கணவனின் முதுகைப் பார்த்து மனதுக்குள் பேசுபவர் ஆகிய நால்வரும் நான்கு விதமாகப் பொய் சொல்வார்கள். நம்பத்தகாத கதைசொல்லி என்ற கருத்துக்கு 1961-இல் அமெரிக்கத் திறனாய்வாளர் வேய்ன் பூத் பெயரிட்டார். அந்த நம்பத்தகாமையில் பாதி, எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. நாட்குறிப்பு என்றவுடன் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வது புதியவர்களின் வழக்கமான சறுக்கல். பிறர் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதப்படும் நாட்குறிப்பும் உண்டு.

இனி, இந்த வழிகாட்டியின் தலைப்புக்கு வருகிறேன். சிரிப்பு வந்த ஒவ்வொரு இடத்திலும் அடையாளக் குறி ஒன்றை வையுங்கள். குறிப்பு எதுவும் எழுத வேண்டாம், பொத்தானை அழுத்தினால் போதும். ஏன் என்பதற்கு இதற்காகவே நான் எழுதிய ஒரு வரியைப் பாருங்கள். கணவன் சொல்கிறான்: 'என் மனைவிக்கு மறதி அதிகம். போன வாரம், நான் இறந்துவிட்டேன் என்று காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாள்.' கேட்டவுடன் சிரிப்பு வருகிறது. சிரிப்பைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால், கணவன் பெயரில் ஆயுள் காப்பீடு இருக்கிறது, மனைவி அவசரப்படுகிறாள், அவள் எழுதும் கடிதங்களைக் கணவன் அவளுக்குத் தெரியாமல் படிக்கிறான். மூன்றாவது செய்திதான் மிக முக்கியமானது, ஆனால் அவளுடைய அவசரத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது அவனுடைய ஒட்டுப்பார்வை நம் கண்ணில் படுவதே இல்லை.

இன்னொரு வரி, மனைவியின் பக்கத்திலிருந்து: 'அவர் ரொம்ப அன்பானவர். நான் மாடிப்படியில் தடுக்கி விழுந்த மூன்று முறையும் அவர்தான் முதலில் ஓடிவந்தார்.' புகழ்வதுபோலப் பழிக்கும் இந்த உத்தியைத் தமிழ் அணியிலக்கணம் நெடுங்காலமாக அறியும். காதால் கேட்பவர் இங்கே கவனிக்க வேண்டியது, வாசிப்பாளர் எந்தச் சொல்லில் அழுத்தம் தருகிறார் என்பதை. 'அன்பானவர்' என்பதில் அழுத்தினால் அவளுக்கு இன்னும் சந்தேகம் எழவில்லை. 'மூன்று முறையும்' என்பதில் அழுத்தினால் அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். எதிலும் அழுத்தாமல் ஒரே தட்டையாக வாசித்தாரானால், அவள் விழவே இல்லையோ என்றுகூட ஐயப்பட இடமிருக்கிறது. அச்சில் இந்த மூன்றும் ஒரே வரி.

நடுப்பகுதி

முதல் பாதி முழுவதும் திரும்பத் திரும்ப வரும் சொல் ஒன்றைத் தேடுங்கள். கணவன் மனைவியைக் கூப்பிடும் செல்லப்பெயராக இருக்கலாம், இருவருக்கு மட்டுமே புரியும் பழைய வேடிக்கையாக இருக்கலாம். முதல் முறை வரும்போது அது கொஞ்சல், இரண்டாம் முறை சலிப்பு, மூன்றாம் முறை மிரட்டல். காது இதில் கண்ணைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ஒரே சொல் வேறு தொனியில் வந்தால் உடனே தலையைத் தூக்கும்.

இந்த வகையில் கதை பாதியைத் தொடும் இடத்துக்கு அருகே தலைகீழாகப் புரள்வது அடிக்கடி நடக்கும். அதுவரை நம்பியவர் பொய்யராகிறார், இறந்தவர் எழுந்து வருகிறார், அல்லது கேட்டுக்கொண்டிருந்த நாட்குறிப்பே வேறொருவருடைய கைவேலை என்று தெரிகிறது. அந்த இடத்தில் ஆசையை அடக்கிக்கொண்டு நிறுத்துங்கள். இதுவரை வைத்த குறிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தலா 15 நொடி கேளுங்கள். இருபது குறிகள் இருந்தாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முன்பு சிரித்த வரிகளில் சில அப்படியே வேடிக்கையாக இருக்கும், சில முகத்தை மாற்றிக்கொண்டு நிற்கும். என்னைக் கேட்டால் நூல் முழுவதிலும் மிக இன்பமான பத்து நிமிடங்கள் இவைதான், நாவலின் உச்சக்கட்டத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

சந்தேகம் தீர்க்கிறேன் என்று இணையத்தில் நூலின் பெயரைத் தட்டாதீர்கள். தேடுபொறி பெயருக்குப் பின்னால் தானாகவே சேர்க்கும் சொற்களே முடிவைக் கொட்டிவிடும். ஒரு பெயர் சரியாகக் காதில் விழவில்லை என்றால், பின்னட்டைக் குறிப்பையோ அச்சு நூலின் இலவச முன்பக்கங்களையோ பார்த்தால் போதுமானது. பக்கத்து வீட்டுக்காரர், அலுவலகத் தோழி போன்ற சிறு பாத்திரங்கள் குழம்பினால் கவலை வேண்டாம், தேவைப்படும்போது கதையே அவர்களை மீண்டும் அறிமுகப்படுத்தும். கணவன் மனைவி இருவரும் சொல்வதில் மட்டும் பிடி தளரக் கூடாது.

எவ்வளவு நேரம் கேட்பது

பார்வையற்றோருக்கான பேசும் நூல்கள் பிரிட்டனில் 1935-இல் இசைத்தட்டுகளாக வெளிவரத் தொடங்கியபோது, தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 25 நிமிட வாசிப்பு அடங்கியது. முதலில் வெளியானவற்றில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலும் ஒன்று. எந்த நாவல் என்று இங்கே சொல்ல மாட்டேன், சொன்னால் ஒரு நல்ல புதிர் கெட்டுவிடும். அன்றைய கேட்போர் 25 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. இன்றும் ஒரே அமர்வுக்கு அந்த அளவு, மிஞ்சினால் அதில் இரண்டு மடங்கு, பொருத்தமாகவே இருக்கிறது. அத்தியாயத்தின் நடுவில் விடாமல் அதன் முடிவில் நிறுத்துங்கள், மறுநாள் தொடங்கும்போது முந்தைய ஒரு நிமிடத்தைத் திரும்பக் கேளுங்கள். இரைச்சலான இடத்தில் கேட்பதாக இருந்தால், இந்த வகை வாசிப்பாளர்கள் மிக முக்கியமான வரிகளைத் தணிந்த குரலில் சொல்வார்கள் என்பதை நினைவில் வையுங்கள். காதை அடைக்கும் ஹெட்போன் அங்கே உதவும். சாலையில் நடக்கும்போது மட்டும் அது வேண்டாம்.

மனம் ஒப்பாதபோது

பக்கத்தில் படிக்கும் கொடுமையைவிடக் காதுக்குள் ஒரு மனிதக் குரல் நிதானமாகச் சொல்லும் கொடுமை நெருக்கமாக உறைக்கும். ஒருவரை அவருடைய நினைவையும் புத்தியையுமே சந்தேகிக்கவைக்கும் வதையை இன்று 'கேஸ்லைட்டிங்' என்கிறோம். அந்தச் சொல், பாட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய, ஒரு கணவனையும் மனைவியையும் பற்றிய நாடகத்திலிருந்து வந்தது. தம்பதியர் த்ரில்லர்கள் இந்த வதையை நகைச்சுவைப் பொருளாகவும் கையாளும். சொந்த வாழ்க்கையில் இதைப் பார்த்தவர்கள், நூலைப் பற்றிய உள்ளடக்க எச்சரிக்கைகளை முதலில் படித்துவிடுவது நல்லது; கதையின் முடிவு தெரிந்துபோனாலும் பரவாயில்லை. பாதியில் நிறுத்துவதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இருவராகக் கேட்பது

கணவனும் மனைவியும் சேர்ந்து இதைக் கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேட்கலாம். ஒருவர் தூங்கிய பிறகு மற்றவர் திருட்டுத்தனமாக அடுத்த அத்தியாயத்துக்குப் போகக் கூடாது என்ற ஒரு விதி மட்டும் போதும். எங்கள் வீட்டில் அந்த விதி இரண்டாம் நாளே மீறப்பட்டது, மீறியவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கூடவே உட்கார்ந்திருப்பவர் எந்த வரிக்குச் சிரிக்கிறார் என்பதைக் கவனிக்கும் வாய்ப்பும் கிடைக்கும். அதைப் பற்றி அதிகம் கேள்வி கேட்காமல் இருப்பது உசிதம்.

கடைசி அத்தியாயமும் அதன் பிறகும்

கடைசி ஒரு மணி நேரத்தை ஒரே அமர்வில் கேட்க நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன், ஒரு நூல் முடிந்தவுடன் அடுத்த நூலைத் தானாக ஓடவிடும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். இந்த வகை நாவல்கள் தங்கள் கொடிய நகைச்சுவையைக் கடைசி வரிக்கு என்று சேமித்துவைப்பதுண்டு. அது இறங்குவதற்குள் விளம்பரக் குரல் ஒன்று உற்சாகமாக வேறு கதையைப் பரிந்துரைக்கத் தொடங்கினால் பத்து மணி நேர உழைப்பு பாழ்.

முடிந்ததும் உடனே வேறு நூலுக்குப் போகாமல் முதல் இரண்டு அத்தியாயங்களை மட்டும் மீண்டும் கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோதுதான் அந்தச் சாவியைப் பற்றிய கேலி காதில் விழுந்தது என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? 'சாவி' என்ற சொல்லுக்கு முன்னால் வாசிப்பாளர் ஒரு சிறு மூச்சு விடும் அளவுக்கு நிறுத்தியிருந்தார். முதல் முறை நான் கேட்டது 1.5 வேகத்தில், மௌனத்தைக் கத்தரிக்கும் வசதியோடு. அந்த நிறுத்தம் என் காதுக்கு வந்து சேரவே இல்லை.